ஆச்சியின் வாளி: நெல்லைச் சீமையில் ஆறு நாள்

முதல் நாள்: கயத்தாறு, சேரன்மகாதேவி

திருச்சியில் காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மதுரை தாண்டி, கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு, கயத்தாறு பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று பார்க்க நின்றோம். குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. வண்டியின் பின்பக்கம் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஏசி தண்ணீர் என்றால் தெளிவாக இருக்கும், வாசனை இருக்காது. இது கலங்கல். விரலில் தொட்டு முகர்ந்தால் பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக வண்டியைப் பற்றிக் கொஞ்சம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கரூரில் பாடி கட்டுகிற பட்டறையில் கொடுத்து, வீடாக மாற்றி வைத்திருக்கிறோம். இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிக்கத் தடுப்பு, கழற்றி எடுத்துப் போய்க் காலி செய்யக்கூடிய கழிவறைப் பெட்டி. நல்ல தண்ணீருக்கு 100 லிட்டர் தொட்டி. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேர அடியில் 60 லிட்டர் தொட்டி இன்னொன்று. அதன் வாயில், உள்ளே ஒரு உருண்டை சுழன்று திறந்து மூடுகிற ஒன்றரை இஞ்ச் பால் வால்வு. அதுதான் கசிந்துகொண்டிருந்தது. இவர் ஓட்டுவார், பராமரிப்பு நோட்டு என் கையில். அந்த நோட்டுப்படி இந்தப் பயணத்தின் நடுவிலேயே இன்ஜின் ஆயிலும் மாற்றியாக வேண்டும்.

ஆக, கிளம்பின அன்றைக்கே இரண்டு வேலை சேர்ந்துவிட்டது. வேலை பெரிதில்லை. எங்கே வைத்துச் செய்வது என்பதுதான் கேள்வி. இந்த ஆறு நாளும் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வேன் வாங்கலாமா என்று எனக்கு எழுதிக் கேட்பவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், கட்டில் அளவு கேட்கிறார்கள். இதை ஒருவரும் கேட்பதில்லை.

என் தம்பி குடும்பம் டெக்சாஸில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது அவர்களோடு பத்து நாள் மோட்டார்ஹோமில் சுற்றினோம். தங்கிய முகாம்களில் நுழையும்போதே கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது. ஜெனரேட்டர் ஓட்ட நேரம் உண்டு. நிறுத்தின இடத்தில் ஆயில் மாற்றக் கூடாது. வண்டி கழுவுவது என்றால் ஆபீசில் கேட்க வேண்டும். கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யத் தனி இடம், தரையில் மூடி போட்ட குழி, பக்கத்திலேயே கழுவிவிடக் குழாய்.

நம் ஊரில் அந்தத் தாளும் இல்லை, அந்தக் குழியும் இல்லை. நாங்கள் தங்குவது ஒருவருடைய தோப்பில், ஒரு லாட்ஜின் முற்றத்தில், பங்கின் ஓரத்தில். இடத்துக்காரருக்கு இதெல்லாம் புதிது. வண்டிக்குள் இரண்டு தொட்டி இருக்கிறது, கழிவறை இருக்கிறது, காஸ் சிலிண்டர் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதனால் கேட்கவும் தோன்றாது. நாம்தான் முன்னால் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. "ராத்திரி நிறுத்திக்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, விடிந்ததும் பானட்டைத் திறந்து சாமான்களைப் பரப்பினால், அவர் ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தை நாமாகவே நான்குக்கு நீட்டிக்கொள்கிறோம்.

சேரன்மகாதேவிக்கு வெளியே, தெரிந்தவர் சொல்லிவிட்ட தென்னந்தோப்பு. சாயங்காலம் நாலு மணி. தோப்புக்கார அண்ணாச்சி வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க வாங்க, எந்த மரத்தடியில வேணும்னாலும் போட்டுக்கிடுங்க" என்றார். உள்ளே ஏற்றுவதற்கு முன்பே சொன்னேன்: "அண்ணாச்சி, வண்டியில அழுக்குத் தண்ணி தொட்டி ஒண்ணு சொட்டுது. வாளி வச்சிருவோம். காலையில பானட்டைத் திறந்து ஆயில் அளவு, பேட்டரி எல்லாம் பார்ப்போம், அரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு எங்க தோதுன்னு சொல்லுங்க." அவர் ஒரு நிமிஷம் சுற்றிப் பார்த்தார். அப்புறம், "அப்போ கிணத்துப் பக்கம் வேண்டாம். அந்தத் தெக்கு ஓரத்துல போடுங்க" என்றார். சொல்லாமல் இருந்திருந்தால் கிணற்றடி நிழலில்தான் நிறுத்தியிருப்போம். அதுதான் நல்ல நிழல்.

இரண்டாம் நாள்: சேரன்மகாதேவி

ராத்திரி ஒரு தப்பு நடந்துவிட்டது. முழுத் தப்பும் என்னுடையது.

எங்கள் வாளி பத்து லிட்டர். பகலில் சொட்டிய வேகத்தை வைத்து, விடியும்வரை தாங்கும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவினோம், இரண்டு பேரும் குளித்தோம். தொட்டியில் தண்ணீர் ஏற ஏற வால்வின் மேல் அழுத்தமும் ஏறும், சொட்டு வேகமாகும். அதை நான் யோசிக்கவில்லை. விடிகாலையில் வாளி நிரம்பி, வழிந்து, மண்ணில் மெல்லிய கோடாக ஓடி, தோப்பின் ஓரத்து வாய்க்காலைத் தொட்டிருந்தது.

முதலில் பார்த்தது அண்ணாச்சியின் தாயார், ஆச்சி. எழுபத்தைந்து வயதிருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வந்தவர் அந்த நுரையைப் பார்த்து நின்றுவிட்டார். கோபப்படவில்லை. "இது கீழ போயி வயலுக்குப் பாயுற தண்ணிம்மா. மாடு வாய வைக்கிற தண்ணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குத்தான் நிற்க முடியவில்லை.

அது கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிகிற சின்ன வாய்க்கால். கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருக்கிற நேரம். அந்தப் பக்கம் எல்லாம் நாற்று நட்டு ஒரு மாதம் ஆன பச்சை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிற வரைக்கும் தாமிரபரணி ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டு. ஒவ்வொரு அணைக்கட்டிலும் கால்வாய் பிரிந்து வயலுக்குப் போகிறது. மிச்சத் தண்ணீர்தான் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிக்க. அதனால் இந்தச் சீமையில் தரையில் விழுகிற தண்ணீர் அநேகமாக யாரோ ஒருவர் வயலுக்கோ குடத்துக்கோ போய்ச் சேரும். திருச்சியில் காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு இது தெரியாத விஷயமில்லை. இருந்தும் நடந்துவிட்டது.

மண்வெட்டி கேட்டு வாங்கி, இவர் அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு சின்ன வரப்பு வெட்டினார். நுரை படிந்த மண்ணை நான் வாரி ஒரு பையில் கட்டினேன். அப்புறம் அண்ணாச்சியிடம் கேட்டு, தொட்டியில் மிச்சமிருந்ததை வாளி வாளியாக எடுத்து, வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்டாத மேட்டில் நின்ற ஒரு தென்னையின் பாத்தியில் ஊற்றினோம். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தென்னை ஏற்றுக்கொள்ளும். ஆனால் எந்த மரத்துக்கு ஊற்றுவது என்பதை மரத்துக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும்.

ஆச்சி தொழுவத்திலிருந்து ஒரு பெரிய வாளியைக் கொண்டுவந்து வண்டிக்கடியில் அவரே வைத்தார். இருபது லிட்டர் பிடிக்கிற பழைய இரும்பு வாளி. "உங்க வாளி சின்னது. இதைக் கொண்டு போங்க, போற இடத்துலயும் சொட்டும்லா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்து மணிக்கு மேல்தான் பானட்டைத் திறந்தோம். திறப்பதற்கு முன்னால் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை இன்ஜினுக்கு அடியில் விரிப்பேன். எடுத்து வைக்கும் சாமான் எல்லாம் அந்த பேனருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு நட்டு மண்ணில் விழுந்து தொலைந்தால் நமக்குப் பத்து ரூபாய் நஷ்டம். மாட்டுக்குளம்பிலோ தேங்காய் பொறுக்குகிறவர் காலிலோ ஏறினால் அது வேறு கணக்கு. சமதளமா என்று பார்த்து, ஆறின இன்ஜினில் குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு ஆயில் அளவு பார்த்தோம். கூலன்ட் சரியாக இருந்தது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம் விட்டேன். பெல்ட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். அரை மணி என்று சொல்லியிருந்தோம், இருபத்தைந்து நிமிஷத்தில் மூடிவிட்டோம்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, ஆயில் மாற்ற வேண்டியிருக்கிறது என்று இவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். "இங்கேயே மாத்திருங்களேன். பழைய ஆயில எனக்குக் குடுங்க. வேலிக் கம்புக்கு அடிச்சா கரையான் வராது" என்றார்.

இது எனக்குச் சங்கடமான இடம். அவர் இடம், அவரே கேட்கிறார். வேலிக் கம்புக்கும் சென்டரிங் பலகைக்கும் பழைய ஆயில் அடிப்பது ஊரெல்லாம் நடக்கிறது. நம்மிடம் இருப்பதோ எப்படியும் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பொருள். கொடுத்திருந்தால் அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் ஒரு வேலை முடிந்தது. ஆனால் ஓடின ஆயில் புது ஆயில் மாதிரி இல்லை. இன்ஜின் உள்ளே தேய்கிற உலோகத் தூளும், எரிந்த புகையின் நஞ்சும் அதில் கலந்திருக்கும். 2016 விதிகளின்படி நம் நாட்டில் அது அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். கம்பில் அடித்தது மழையில் கழுவி மண்ணுக்குள் இறங்கும், இருபது அடி தள்ளிக் கிணறு இருக்கிறது.

நான் இதையெல்லாம் பாடமாக எடுக்கவில்லை. "அண்ணாச்சி, அந்த ஆயில்ல ஈயம், துத்தநாகம் மாதிரி எல்லாம் கலந்திருக்கும். உங்க கிணத்துத் தண்ணியத்தான் ஆச்சி குடிக்காங்க. எனக்குக் குடுக்க மனசு வரல" என்று மட்டும் சொன்னேன். அவர் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா சங்கதி" என்றார். திருநெல்வேலியில் தனக்குத் தெரிந்த பட்டறைக்கு அவரே போன் போட்டார். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கப் பள்ளம் இருக்கிற பட்டறை. சனிக்கிழமைதான் காலி. சரி, வால்வையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அதுவரை வண்டிக்குள் பாத்திரம் கழுவுவதில்லை, உள்ளே குளிப்பதில்லை.

மூன்றாம் நாள்: கல்லிடைக்குறிச்சி, பாபநாசம்

காலையில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க நின்றோம். தெருவில் எல்லா வாசலிலும் கோலம். நிறுத்த இடம் பார்த்தபோது ஒரு வீட்டு வாசல் மட்டும் அகலமாக இருந்தது. கோலத்துக்கு மேலே ஏறாமல் நிறுத்த முடியும்தான். ஆனால் எங்கள் வண்டி சொட்டுகிற வண்டி. தெருமுனைக்குப் போய், ஆச்சியின் வாளியை அடியில் வைத்துவிட்டு நடந்து வந்தோம்.

பாபநாசத்தில் கழிவறைப் பெட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இருபது லிட்டர் பெட்டி, இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும். கட்டணக் கழிப்பிடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய், பெட்டியைக் காட்டாமல், முதலில் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே என்ன மருந்து போடுகிறோம் என்பதையும் சொன்னேன். ஃபார்மலின் கலந்த நீல மருந்து போட்டால் செப்டிக் டேங்கில் கழிவை மட்கவைக்கிற நுண்ணுயிர் செத்துப்போகும். அப்புறம் அந்த டேங்க் அவர்களுக்குத் தலைவலி. நாங்கள் போடுவது என்சைம் மருந்து. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட்டம் இல்லாதப்ப வாங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு" என்றார். ரெண்டு மணிக்குப் போனோம். மெதுவாக, தெறிக்காமல் ஊற்றி, நாங்கள் கொண்டுபோன தண்ணீரால் கழுவி, தரையையும் துடைத்துவிட்டு வந்தோம். ஒருவருக்கான கட்டணத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். மீதியைக் கொடுத்தபோது வாங்கவில்லை. மறுநாள் கிளம்பும்போது ஒரு பாட்டில் பினாயில் வாங்கிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டார்.

படித்துறைப் பக்கம் இரண்டு வேன்கள் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நின்றன. டிரைவர்கள் ஷாம்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இருபது அடி கீழே ஒரு குடும்பம் தர்ப்பணம் கொடுத்து முங்கிக்கொண்டிருந்தது. வேனில் வந்தவர்கள் அயலூர்க்காரர்கள், நாங்களும் அயலூர். இவர் போய் அவர்களிடம் பேசினார். வாக்குவாதம் இல்லை; ஆயில் பிசுக்கு தண்ணீரில் போவதைக் காட்டினார். ஒருவர் வண்டியை ஏற்றிவிட்டார். இன்னொருவர் ஏற்றவில்லை. எங்கள் வண்டியும் அன்றைக்குப் புழுதிதான். கண்ணாடியும் முகப்பு விளக்கும் மட்டும் ஈரத்துணியால் துடைத்தோம். ஓட்டுவதற்கு அது போதும்.

மேலே காரையாறு போகிற வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அங்கே தொடங்குகிறது. அந்தக் காட்டுக்குள்தான் சொரிமுத்து அய்யனார் கோவில். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் குடில் போட்டு, சமைத்து, நாள்கணக்கில் தங்குவது இந்த ஊர் வழக்கம். முகாம் போட்டுத் தங்குவது என்பது நெல்லைக்காரர்களுக்கு வெளிநாட்டுச் சமாச்சாரமே இல்லை. காட்டில் குடில் போட்டுத் தங்கின கதையை டீக்கடையில் ஒரு பெரியவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்புக்கல் வைத்த இடத்தை ஊருக்குத் திரும்பும் முன் மண் போட்டு மூடி, சாணி தெளித்துவிட்டு வருவார்களாம் அவர் வீட்டுப் பெண்கள்.

சாயங்காலம் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்தோம். 100 லிட்டர் தொட்டிக்கு ஹோஸை மாட்டிவிட்டு உட்கார்ந்தால் கால் மணி நேரம் குழாய் நமக்கே போய்விடும். பத்து லிட்டர் கேன் இரண்டு பிடித்ததும் நகர்ந்து, குடம் வைத்திருப்பவர்களுக்கு விடுவோம். மூன்று சுற்று. ஐம்பது நிமிஷம் ஆனது, அதற்குள் இரண்டு அக்காமார் எங்கள் ஊர், பிள்ளைகள், வண்டி விலை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நான்காம் நாள்: குற்றாலம்

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. குற்றாலம் இப்போது அந்த மாவட்டத்தில். எங்களுக்கு அது இன்னும் நெல்லைச் சீமைதான். நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்தோம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை; அறிவிப்புப் பலகை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறார்கள். பாபநாசத்தில் பார்த்த வேன் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

ஒரு லாட்ஜின் முற்றத்தில் இடம் கொடுத்தார்கள். உரிமையாளர் முதலில் கேட்டது சிலிண்டரைப் பற்றி. கேட்டது நியாயம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துச் சமைக்கப்போய்த் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அவருக்கு முன்னாலேயே ரெகுலேட்டரிலும் குழாய் மூட்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டினேன். குமிழ் வரவில்லை. ராத்திரி சிலிண்டரை மூடி வைப்போம், முற்றத்தில் சமைக்க மாட்டோம் என்று சொன்னோம்.

மழையில் கூரைச் சன்னலின் ஓரம் லேசாக ஒழுகியது. சிலிக்கான் ஈரத்தில் ஒட்டாது. உள்பக்கம் துணி வைத்துச் சமாளித்தோம். எங்களிடம் சின்ன ஜெனரேட்டர் ஒன்று உண்டு. வானம் மூடியிருந்ததால் சோலார் தேறவில்லை, உள் விளக்குக்கான பேட்டரி இறங்கியிருந்தது. மணி ஒன்பதே கால். முற்றத்தைச் சுற்றி நாற்பது அறை, எல்லாவற்றிலும் குழந்தைகளோடு வந்தவர்கள். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை சத்தத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பது 2000-ல் வந்த ஒலி மாசு விதியிலேயே இருக்கிறது. ஒன்பதே காலுக்கு ஓட்டினால் விதி மீறல் இல்லை. ஆனாலும் ஓட்டவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படுத்துவிட்டோம்.

காலையில் பக்கத்தில் நின்ற ஒரு காரின் பேட்டரி செத்திருந்தது. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்திருக்கிறது. பானட்டைத் திறந்தார்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிஷத்தில் எட்டுப் பேர். ஒருவர் பெல்ட் என்றார், ஒருவர் ஸ்டார்ட்டர் என்றார், ஒருவர் தள்ளலாம் என்றார். கார்க்காரர் புதுசாக ஓட்டுகிறவர், முகம் வெளிறிவிட்டது. அடுத்தவர் வண்டி திறந்திருக்கும்போது, "ஏதாவது வேணுமா?" என்று ஒரு தடவை கேட்பது, வேண்டாம் என்றால் நகர்வது. நான் பழகிக்கொண்டது அது. கேட்டேன். "ஜம்பர் கேபிள் இருக்கா மேடம்?" என்றார்.

இருந்தது. எங்கள் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்தார் இவர். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை எங்கள் பிளஸ்ஸில். கறுப்பை எங்கள் மைனஸில், கடைசி முனையை அவர்கள் இன்ஜினின் வெறும் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி முனையில் பொறி பறக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் பறந்தால் அதிலிருந்து வருகிற வாயு பிடித்துக்கொள்ளும். இரண்டாவது முறை வண்டி எடுத்தது. எட்டுப் பேரும் கை தட்டினார்கள். லாட்ஜ்காரர் எல்லாருக்கும் டீ சொன்னார்.

ஐந்தாம் நாள்: பணகுடி, உவரி

சேரன்மகாதேவி வழியாகத்தான் களக்காட்டுக்கு வந்தோம். தோப்பில் இறங்கவில்லை. வால்வு இன்னும் சரியாகவில்லை.

பணகுடி தாண்டினால் காற்று. கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிற மாதிரி இருந்ததால் அகலமான மண்ணில் இறக்கி நிறுத்தி, சக்கர நட்டுகளை முறுக்கிப் பார்த்தோம். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. காற்றில் ஒரு தகரம் ஆடின சத்தம் அது.

நிறுத்தினபோது சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்தோம். கிளம்பும்போது அதை எடுத்து வேலியோரம் போட்டுவிட்டுத்தான் ஏறினோம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரேக்டவுன் ஆன லாரிக்கு வைத்த கல்லும், எச்சரிக்கைக்குப் போட்ட மரக்கிளையும் வண்டி போன பிறகு அப்படியே ரோட்டில் கிடக்கும். ராத்திரி பைக்கில் வருகிறவருக்கு அது எமன். என் சித்தப்பா மகன் அப்படி ஒரு கல்லில் ஏறி விழுந்து, தோள்பட்டை உடைந்து ஆறு மாதம் வீட்டில் இருந்தான்.

உவரியில் கடற்கரைக்குக் கொஞ்சம் தள்ளித் தங்கினோம். புழுதியில் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று கழற்றினேன். தட்டப்போகும்போதுதான் கிழக்குப் பக்கம் பார்த்தேன்: வலை விரித்து அதன் மேல் கருவாடு காய்கிறது. காற்று மேற்கிலிருந்து. நான் தட்டினால் அத்தனை தூசியும் அந்தக் கருவாட்டின் மேல்தான். ஃபில்டரை ஒரு சாக்குப் பைக்குள் வைத்து, கருவாட்டுக்குக் கீழ்க்காற்றுப் பக்கமாகப் போய் உதறினேன். காயப்போட்டிருந்த அக்கா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது, "நான் கத்தலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள நீயே போயிட்ட" என்றார்.

ஆறாம் நாள்: திருநெல்வேலி, மறுபடி சேரன்மகாதேவி

பட்டறை. காலை ஒன்பதுக்குப் பள்ளத்தின் மேல் வண்டியை ஏற்றினார்கள். பழைய ஆயில் நேராக டிரம்மில் இறங்கியது. டிரம் நிரம்பினால் எடுத்துப்போக ஆள் வருகிறார் என்று மேஸ்திரி சொன்னார். ஃபில்டரையும் கவிழ்த்து வைத்து வடியவிட்டார்கள். வால்வைக் கழற்றினால், உள்ளே உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவில் மணல். அது உரசி உரசி வளையம் வெட்டுப்பட்டிருந்தது. புது வால்வு, டெஃப்லான் டேப், ஒரு மணி நேரம். கூரைச் சன்னல் காய்ந்திருந்ததால் சிலிக்கானும் வைத்தாயிற்று. நாங்கள் கொண்டுவந்த நுரை மண் பையை என்ன செய்வது என்று கேட்டேன். குப்பையிலேயே போடலாம் என்றார்கள்.

தொட்டியை நிரப்பி, அடியில் தினத்தாள் விரித்து, ஊருக்குள் போய் அல்வா வாங்கி வந்தோம். இரண்டு மணி நேரம். தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. தொட்டியைப் பட்டறையின் சாக்கடையிலேயே, கேட்டுவிட்டு, காலி செய்தோம்.

அப்புறம் ஆச்சியின் வாளியைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன், வெயிலில் வைத்தேன். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்வாள். தொழுவத்து வாளியில் அல்வாவா வைப்பது? டவுனில் தீவனக் கடை தேடி ஐந்து கிலோ எள்ளுப் புண்ணாக்கு வாங்கி, சாக்கோடு வாளிக்குள் வைத்தோம்.

தோப்புக்குப் போனபோது ஆறரை மணி. ஆச்சி வாளியை வாங்கவில்லை. முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். தரையைத் தொட்டும் பார்த்தார். அப்புறம் சாக்கைப் பிரித்து ஒரு துண்டு எடுத்து முகர்ந்து, "செக்குல ஆட்டுனதுதான்" என்றார். மாடு அதற்குள் கழுத்தை நீட்டிவிட்டது.

"எங்க நிறுத்தணும் ஆச்சி?" என்று கேட்டேன்.

"கிணத்தடியில போடுங்க. அங்கதான் நிழல்" என்றார்.